பக்கத்து வீட்டுக்கு நான் கட்டிய வரி

ஏழு வருஷமாக நான் கட்டிய சொத்து வரி என் வீட்டுக்கானதே இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. என் வரிவிதிப்பு எண் 46 என்று முடிய வேண்டும், பக்கத்து வீட்டுப் பெரியவருடையது 64 என்று. பதிவேட்டில் யாரோ மாற்றி ஏற்றிவிட்டார்கள். அவருடைய மாடி வீட்டுக்கு நானும், என் ஓட்டு வீட்டுக்கு அவரும் கட்டியிருக்கிறோம்.

விஷயம் தெரிந்ததும் அவர் மகன் கேட்டது: "ரசீதெல்லாம் உங்க பேர்ல இருக்கே, நாளைக்கு வீடே எங்களுதுன்னு கேஸ் போடுவீங்களா சார்?"

சிரிப்பு வந்தது. ஆனால் இந்தப் பயம்தான் பணக் கணக்கை மனைத் தகராறாக்கி வருஷக்கணக்கில் இழுக்கிறது. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாயிற்று. யாரிடம் வசூலிப்பது என்பதற்குத்தான் அந்தப் பதிவேடு.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, இனாமாக நினைக்காமல் ஒருவர் செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்கிறது. தவறுதலாகக் கட்டிய பணத்தை வாங்கியவர் திருப்பித் தரவேண்டும் என்பது 72ஆம் பிரிவு. எங்கள் விஷயத்தில் அலுவலகத்துக்கு வரவேண்டியது வந்துவிட்டது. ஆகவே நான் பெரியவரிடம் கேட்கக்கூடியது இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

சிக்கல் காலக்கெடுவில். இப்படிப்பட்ட பண வழக்குக்கு மூன்று வருஷம்தான். தவறு என்றால் அது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று 1963ஆம் வருஷத்துக் காலவரைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கூடவே ஒரு கொக்கி: கவனமாக இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் கோர்ட் பார்க்கும். பீரோவில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த ரசீதுகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் கட்டட அளவு அச்சாகியிருக்கிறது, என் வீட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரு தடவைகூட நான் படிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு கூண்டில் ஏறி என்ன சொல்வது?

அதனால் கடைசி மூன்று வருஷ வித்தியாசத்தோடு நிறுத்திக்கொண்டேன். எண்ணைத் திருத்தச் சொல்லி இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, ஒப்புகை வாங்கியாயிற்று. பணத்துக்கு லோக் அதாலத் போகலாம் என்றிருக்கிறோம். அங்கே ஏற்படும் சமரசத்துக்குக் கோர்ட் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது.

மகனுக்கு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று தனியாக எழுதித் தரச் சொன்னார். சரி என்று கொடுத்தேன். லேமினேட் செய்து வைத்திருக்கிறாராம்.