பேக் முடிந்ததும் நெட் நிற்கட்டும்

வெளிநாடு போய்வந்தவர்கள் வீட்டில் போன் பில்லால் மனத்தாங்கல் வருவது நம் திருநெல்வேலிப் பக்கம் புதிய சங்கதி அல்ல. மேலப்பாளையம், கடையநல்லூர், பாளையங்கோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இந்த வலையில் சிக்குவதில்லை. அவர்களுக்கு அந்த ஊர் சிம் இருக்கிறது, எந்த ஆப்பை எங்கே அணைக்க வேண்டும் என்ற விவரமும் தெரியும். சிக்குகிறவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கவும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிற அம்மாக்களும், மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடல் தாண்டுகிற அப்பாக்களும்தான். இவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன். ரோமிங் பேக் (நம் ஊர் சிம்மையே வெளிநாட்டில் பயன்படுத்தத் தனியாகக் காசு கட்டிப் போடுகிற பேக்) முடிந்த அந்த நொடியிலேயே டேட்டா தானாக நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் ஓட வேண்டும் என்பது என் கருத்து. எச்சரிக்கை எஸ்எம்எஸ் ஒன்றைத் தட்டிவிட்டு மீட்டரைத் தொடர்ந்து ஓடவிடுவதை வணிகம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் பெரியம்மா, தன் மகளின் பேறுகாலத்துக்காக ஷார்ஜா போயிருந்தார். அவருடைய எண் அண்ணனின் போஸ்ட்பெய்ட் (பயன்படுத்திய பிறகு பில் கட்டுகிற) குடும்பத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அண்ணன் அசட்டையான ஆள் இல்லை. கிளம்பும் முன்பே ரோமிங் பேக் போட்டு, அது வேலை செய்வதற்காக போனில் டேட்டா ரோமிங்கையும் ஆன் செய்து கொடுத்துத்தான் அனுப்பினார். ஊர் திரும்பிய பிறகு வந்த பில் 18,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. எடுத்த எடுப்பில் எல்லாரும் பெரியம்மாவைத்தான் பார்த்தோம். "எய்யா, நான் ஒண்ணையும் தொடலயே, அது பாட்டுக்குப் பைக்குள்ளல்லா கெடந்துச்சு" என்று அவர் சொன்னதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விவரப் பட்டியலை வரவழைத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று தெரிந்தது. தேதி, நேரம், நாடு, எத்தனை கேபி, எத்தனை ரூபாய் என்று வரிவரியாக அச்சாகியிருந்த அந்தத் தாள்களில் பெரும்பாலான வரிகள் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்டவை. மருத்துவமனையில் மகளுக்குத் துணையாகப் படுத்திருந்த இரவுகள் அவை. அங்கே வீட்டு வைஃபை கிடையாது. ஒவ்வொரு வரியிலும் சில நூறு கேபி மட்டுமே இருந்தது. மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று போன் பார்த்திருக்கும், வானிலை ஆப் தன்னைப் புதுப்பித்திருக்கும், ஏதோ ஒரு விளம்பரம் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 40 எம்பி தேறவில்லை. ஊரில் இருக்கும்போது நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அள்ளிக் கொடுத்தும் மிச்சமாகிப் போகிற டேட்டாவில் இது சில நிமிட வீடியோவுக்குக்கூடக் காணாது. பேக் இல்லாத நேரத்துக் கட்டணம் ஒரு எம்பிக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் என்ற கணக்கில் ஓடியதால்தான், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கைப்பைக்குள் கிடந்த போன் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கியது.

இதை விவரம் தெரிந்த நண்பர்களிடம் சொன்னால் உடனே வருகிற பதில், "டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணி வைத்திருக்க வேண்டியதுதானே" என்பது. அதை ஆஃப் செய்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பேக்கே வேலை செய்யாது. பேக்கைப் பயன்படுத்த எந்தப் பொத்தானை ஆன் செய்தே ஆக வேண்டுமோ, அதே பொத்தான்தான் பேக் தீர்ந்த பிறகு கணக்கில்லாத கட்டணத்துக்கும் கதவைத் திறந்துவைக்கிறது. பேக் எப்போது தீர்கிறது என்பதாவது தெளிவாகத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. சில பேக்குகளில் ஒரு நாள் என்பது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் இந்திய நேரப்படி நள்ளிரவோடு நாள் முடிந்துவிடும். வழியில் விமானம் மாறுகிற நாடு பட்டியலில் இல்லாமல் போகலாம். விமானத்துக்குள்ளேயே செயற்கைக்கோள் வழியாக ஓடுகிற நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொண்டால், சாதாரண நாட்டு பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லுபடியாகாது. சிம்மையே கழற்றி வைத்துவிடலாம் என்றால் வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பேக் முடிந்துவிட்டது என்று பெரியம்மாவுக்கு எஸ்எம்எஸ் வந்தது உண்மைதான். அது ஆங்கிலத்தில், கம்பெனியின் ஆஃபர் அறிவிப்புகளுக்கு நடுவில் வந்து கிடந்தது. தமிழ் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷி, அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் சேமிப்பு மற்றும் டேட்டா அமைப்பைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது என்று மூன்று வரிகள் தனித்தனியாக இருக்கும். அந்த மூன்றாவது வரியில், நாம் எதையும் மாற்றாதவரை, படமோ வீடியோவோ தானாக இறங்காது. நம்மிடம் ஒரு பைசா வாங்காத ஆப்புக்கு இருக்கிற இந்த முன்யோசனை, மாதாமாதம் பணம் வாங்குகிற தொலைபேசி நிறுவனத்துக்கு இருக்கக் கூடாதா?

வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து கணக்கு வந்து சேரத் தாமதமாகும், அதனால் உடனுக்குடன் நிறுத்துவது சாத்தியமில்லை என்று கஸ்டமர் கேரில் அண்ணனிடம் விளக்கினார்கள். குரல் அழைப்புகளைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் உண்டு. அங்கே பதிவான அழைப்புகள் கோப்புகளாகத் தொகுக்கப்பட்டு, இடைநிலைக் கணக்குத் தீர்ப்பு நிறுவனங்கள் வழியாகத்தான் இங்கே வந்து சேர்கின்றன. டேட்டாவின் கதை வேறு. ரோமிங் டேட்டா வழக்கமாக அந்த ஊரிலேயே இணையத்தில் கலந்துவிடுவதில்லை. சிம் கொடுத்த நம் ஊர் நிறுவனத்தின் வாசல் வரை, அதாவது இந்தியா வரை வந்து, இங்கிருந்துதான் வெளியே போகிறது. வளைகுடா போய்வந்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் உள்ளூர் இணைப்பில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது, ஆனால் நம் ஊர் சிம்மின் ரோமிங் டேட்டாவில் பலருக்குப் போகிறது; காரணம் இதுதான். பெரியம்மாவின் பேக் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கரைந்ததற்கும் இதுவே காரணம், மகள் வீட்டு வைஃபையில் போகாத வீடியோ அழைப்பை அவர் இந்த சிம்மில்தான் பேசினார். ஆக, ஒவ்வொரு கேபியும் நிறுவனத்தின் சொந்த வாசலைக் கடந்துதான் போயிருக்கிறது. வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பவர், எண்ணிக்கை பின்னால்தான் தெரிந்தது என்று சொல்ல முடியாது. அதே நிறுவனத்தின் ப்ரீபெய்ட் சிம்மில் இருப்பு தீர்ந்த மறுகணம் நெட் நிற்கிறதே, அது எப்படி? நிறுத்தத் தெரியாமல் இல்லை. போஸ்ட்பெய்டில் நிறுத்தாமல் இருப்பது லாபம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே பிரச்சினைக்குச் சட்டத்தால் முடிவு கட்டினார்கள். 2010 ஜூலை 1 முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், வெளிநாட்டில் டேட்டா செலவு வரி நீங்கலாக மாதம் 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. 80 விழுக்காடு ஆகும்போது எச்சரிக்கையும் அனுப்ப வேண்டும். பிறகு 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த ஊர்க் கட்டணமே போதும் என்றாக்கினார்கள். ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பிறகு அந்த நாட்டு நிறுவனங்கள் பலவும் ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. கோபுரமும் கேபிளும் அப்படியேதான் இருந்தன, விதிதான் போயிருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். புளியரை தாண்டி ஆரியங்காவுக்குள் பஸ் நுழைந்ததும் போனின் மூலையில் ரோமிங் குறி தோன்றிய காலம் நமக்கு மறந்துவிடவில்லை. ஐயப்பன் கோயிலுக்குப் போகிறவர்களும் புனலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும், வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் போனை எடுக்காமலே துண்டித்துவிட்டுப் பூத்தைத் தேடினார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் செலவு கூடத்தான் செய்யும் என்று அப்போதும் நமக்கு விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள். 2016, 2017 வாக்கில் சந்தையில் போட்டி முற்றியதும் உள்நாட்டு ரோமிங் கட்டணம் இருந்த இடம் தெரியாமல் போனது. (எல்லை தாண்டாமலே வெளிநாட்டு நெட்வொர்க் பிடிபடுகிற கூத்தும் உண்டு. அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், அப்படியே தனுஷ்கோடி முனைவரை போகிறவர்கள் போனில் இலங்கை நெட்வொர்க் எட்டிப் பார்ப்பது அங்கே சகஜம்.)

தானாகத் துண்டித்தால் தொழில் நிமித்தம் போகிறவர்கள் நட்டாற்றில் நிற்பார்களே என்று ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதில் அர்த்தம் உண்டு. அவர்கள் கிளம்பும் முன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித் துண்டிப்பு வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளட்டும். விவரம் தெரிந்தவர் ஒரு முறை மெனக்கெடுவதற்கும், விவரம் தெரியாதவர் ஆயிரக்கணக்கில் தண்டம் கட்டுவதற்கும் நடுவில் எது நியாயம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஏற்கெனவே பில் வந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கஸ்டமர் கேரில் சொன்னதோடு விட்டுவிடாமல் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறையின்படி அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். போன் பில் வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். தனியார் தொலைபேசி நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அண்ணனின் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்திருக்கிறது. நல்லெண்ணத்தின் பேரில் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்கிறார்களாம், மீதியைக் கட்டிவிட வேண்டுமாம். பேக் தீர்ந்த பிறகு கூடுதல் கட்டணத்தில் தொடர வாடிக்கையாளர் எப்போது, எந்த வழியில் சம்மதித்தார் என்று நாங்கள் எழுத்தில் கேட்ட கேள்விக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பாதியாவது குறைந்ததே, கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்கிறார் அண்ணன். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது, ஆணையத்துக்கான மனுவை இந்த வாரமே எழுதுவோம் என்கிறேன் நான். பெரியம்மா என் பக்கம்.