பிளேடால் வெட்டிய பாதி மாத்திரை
அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று தெரிந்த புதிதில், எங்கள் வீட்டு மருந்து டப்பாவுக்குள் ஒரு சவர பிளேடு குடியேறியது. அந்த நோய்க்குக் கொடுத்த கார்வெடிலால் 6.25 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கத்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெட்டுவார். ஒரு துண்டு பெரிசு, ஒன்று சின்னது, மிச்சம் தட்டில் தூள். "எல்லாம் வயித்துக்குள்ளதானே போகுது" என்று அந்தத் தூளையும் விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்.

இந்த நோய்க்கு மருந்துப் பஞ்சமே இல்லை. 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன், 2014-இல் சக்குபிட்ரில்-வால்சார்டான், 2019-இல் டாபாகிளிஃப்ளோசின் என்று ஒவ்வொன்றும் பெரிய ஆய்வில் தன்னை நிரூபித்துவிட்டுத்தான் வந்தது. இதயம் சுருங்கும் வலு குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்து எழுதுகிறார்கள். போதாததற்கு, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை வேறு. மாத்திரை செய்வதுவரை எல்லாம் விஞ்ஞானம். அது வாய்க்குப் போய்ச் சேரும் வேலையை மட்டும் நோயாளி தலையில் கட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் அடக்கும் யோசனை புதிதல்ல. மாரடைப்பு வந்தவர்களிடம் மூன்று மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. இதய, ரத்தநாள நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதயச் செயலிழப்பில் இது இன்னும் சிக்கல். கார்வெடிலாலைக் கொஞ்சமாக ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் ஸ்பைரோனோலாக்டோனை மட்டும் நிறுத்த வேண்டும். ஒட்டிப்போன மாத்திரையில் அதை எப்படிப் பிரிப்பது? நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் பல அளவுகளில் செய்து சோதிக்கச் சொல்கிறேன், கைவிடச் சொல்லவில்லை.

நீர் மாத்திரை கதை தனி. உடம்பில் நீர் கோத்துக் குடலும் வீங்கிவிட்டால் ஃப்யூரோசமைடு என்ற நீர் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. நரம்பில் ஏற்ற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். வயிற்றில் ஒட்டிக்கொண்டால் அதே மருந்தைத் தோலுக்கடியில் 5 மணி நேரத்தில் 80 மில்லிகிராம் செலுத்தும் ஒரு சின்னக் கருவிக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புது மருந்து இல்லை, பல பத்தாண்டுப் பழசு. போகும் வழிதான் புதிது. எனக்கு அதுவே பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் அப்பா "ஆமாங்க டாக்டர்" என்பார். வெளியே போகிற நாளில் வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவார். போன மாதக் கடைசியில் அட்டையை எண்ணினேன். ஒன்பது மிச்சம்.