இசைக்கருவி செய்யப் படிப்பு உண்டு

"இசைக்கருவி செய்வது பரம்பரைத் தொழில், அதற்குப் படிப்பும் இல்லை, இனி வேலையும் இல்லை" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு. ஜெர்மனியின் மிட்டன்வால்டில் வயலின் செய்யக் கற்பிக்கும் பள்ளி 1858இல் தொடங்கியது. இத்தாலியின் கிரெமோனாவில் 1938இல். பரம்பரை அங்கே தகுதி அல்ல. கையும் காதும் பழக வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

வேலையோ, பெரும்பாலும் பழுதுபார்ப்பில்தான் இருக்கிறது. ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை பல டன். காற்றின் ஈரப்பதம் மாறினால் மரம் உப்பும், சுருங்கும், சுருதி விலகும். வயலின் வில்லின் குதிரைமயிர் தேயும். மின்னணுக் கருவிகள் வந்ததால் இவையெல்லாம் நின்றுவிடுமா? தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவாக இருக்கலாம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.