மரியாயி என்று வைத்தால் என்ன குறைச்சல்?

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. பாம்பன் வீட்டில் பேர் பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. அம்மாச்சி பேரையே வைக்கலாமே என்றேன். "மரியம்மாளா? பழசு. அதுவும் வெள்ளைக்காரன் பேரு" என்று மச்சான் முகத்தைச் சுளித்தார்.

பழசு என்பது சரி. மற்றதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

வெள்ளைக்காரன் பேர் மேரி. மரியாள் அதற்கு ரொம்ப மூத்தவள். எபிரேயத்தில் மிரியாம், மோசேயின் அக்கா. செங்கடலைத் தாண்டிக் கரையேறியதும் கஞ்சிராவைக் கையில் எடுத்து, பெண்களைக் கூட்டிக்கொண்டு பாடி ஆடினவள். கடல்கரையில் நின்று பாடினவள் பேர் நம்ம கரைக்கு ஒட்டாதா? பொருளைக் கேட்டால் கசப்பு என்பார்கள், ஏங்கிப் பெற்ற பிள்ளை என்பார்கள், எகிப்திய வேர் வைத்து அன்புக்குரியவள் என்றும் சொல்வார்கள். எனக்கு ஏங்கிப் பெற்ற பிள்ளைதான் பிடித்திருக்கிறது. அக்கா ஆறு வருஷம் காத்திருந்தாள்.

கிரேக்கத்தில் அது மரியா ஆனது. இயேசு காலத்து யூதப் பெண்களிடம் மிகப் பரவலாக இருந்த பேர் அது. அதனால்தான் நற்செய்தியில் இயேசுவின் தாய், மகதலா மரியா, பெத்தானியா மரியா என்று இத்தனை பேர். அரபியில் மர்யம். குர்ஆனின் 19-வது அத்தியாயத்துக்கே அந்தப் பேர்தான். குர்ஆன் பேர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண்ணும் அவர்தான். கீழக்கரைக்குச் சாமான் வாங்கப் போனால் அம்மாச்சி ஒரு மரியம் பீவி வீட்டில் தண்ணீர் குடிக்காமல் திரும்ப மாட்டாள். "ஒரே பேருக்காரிக நாங்க" என்பாள்.

நம்ம பக்கம் மரியா வந்தது 1530-களில், போர்த்துகீசியர் வழியாகப் பரதவர் மதம் மாறியபோது. 1542-ல் சவேரியார் வந்து ஜெபங்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் நம்ம வாய் சும்மா இருக்குமா? மரியாள், மரியம்மாள், மரியாயி. அம்மாச்சி சொல்லும் பழைய ஜெபத்தில் "பூரண மரியாயே வாழ்க" என்று வரும். அதில் எனக்கு நம்ம ஊர் 'ஆயி'தான் கேட்கும்.

இந்தப் பேருக்காக அவள் பட்ட பாடும் உண்டு. ரேஷன் கார்டில் மாரியம்மாள், இன்னொரு அட்டையில் மேரியம்மாள். முதியோர் பென்ஷனுக்குப் போன இடத்தில் இரண்டும் ஒரே ஆள்தானா என்று எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். கடல்பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமல் துணி சுற்றிய விரல்கள் அவளுக்கு. அந்த விரலை மேசையில் ஊன்றி, "மாரி இல்ல ராசா, மரி... மரியம்மாள்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிறுத்திச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வீட்டில் கூப்பிட எந்தச் செல்லப்பேரும் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான். கோயில் பதிவேட்டில் மட்டும் மரியாயி என்று, எழுத்துப் பிழை இல்லாமல், நான் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறேன்.