ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இந்தச் சேலத்தில் இடம் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாரதா கல்லூரி சாலையில் ஒரு காபிக் கடையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முதல் சந்திப்பு. தோழியின் அலுவலகத்தில் வேலை செய்பவர். இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் பேசியிருந்தோம், சரி, நேரில் பார்க்கலாமே என்று வந்தோம். இரண்டு காபி, ஒரு பிளேட் சமோசா, நாற்பது நிமிடம். அவர் தங்கையின் படிப்புச் செலவைப் பற்றிச் சொன்னார். செப்டம்பர் மாதம் ஆடிட்டர் ஆபீஸில் நாங்கள் படும் பாட்டை நான் சொன்னேன். அவ்வளவுதான். ஸ்கூட்டியில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அம்மா கேட்டார்: "யாரு கண்ணு அந்தப் பையன்? பெரியம்மா போன் பண்ணுனாங்க."

பெரியம்மா அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் மகன் பார்த்திருக்கிறான். பார்த்தவன் வணக்கம் சொல்லவில்லை, சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தகவல் மட்டும் சொல்லியிருக்கிறான்.

எனக்கு 28 வயது. வீட்டு லோன் என் சம்பளத்தில்தான் போகிறது. ஊரில் இருக்கிறவர்களின் வரிக் கணக்கையெல்லாம் நம்பி என் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா இல்லையா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் என்னை நம்ப மாட்டார்கள்.

இதே வீட்டில்தான் மூன்று மாதத்துக்கு முன் ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனதும், "ரெண்டு பேரும் மாடியில போய்ப் பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். கீழே பதினோரு பேர் காத்திருக்க, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் பத்து நிமிடம். வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார். என்ன கேட்பது? நாற்பது வருஷம் கூட வாழப்போகிறவரிடம் பத்து நிமிடத்தில் எதைக் கேட்டால் போதும்? கோபம் வந்தால் என்ன செய்வார், என் சம்பளத்தை என் அம்மாவுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்வாரா, இதையெல்லாம் கீழிருந்து அத்தை "ஆச்சா?" என்று குரல் கொடுக்கும்போது எப்படிக் கேட்க முடியும்? முன்பின் தெரியாதவரோடு மாடியில் பேசினால் அது சம்பிரதாயம். அதையே காபிக் கடையில் செய்தால் குடும்ப மானம் போய்விடுகிறது. எனக்கு இது புரியவே இல்லை, புரியவும் வேண்டாம்.

கடை வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது? பூங்காவில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கமே நடப்பார். தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டு பேசலாம். தட்டு காலியானதும் நகர வேண்டும், பின்னால் ஆள் நிற்கிறார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் அந்தச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. சினிமா தியேட்டர் இருட்டில் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்தால் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை ஈரடுக்காகக் கட்டினார்கள், நல்லதுதான், பஸ் நிற்க இடம் கிடைத்தது. வயதுக்கு வந்த இரண்டு பேர் பயமில்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குமே தோன்றவில்லை.

உடனே வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், "உங்களுக்கென்ன, ஏற்காடு இருக்கே!" இருக்கிறது. முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மலைப்பாதையில் நின்று பாருங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேர் கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றியிருப்பார்கள். மேலே போகப் போகக் குளிர்கிறது, வெயிலுக்கு அங்கே என்ன வேலை? யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயம்தான் அந்தத் துணி.

இரண்டு வருஷத்துக்கு முன் நானும் நண்பன் ஒருவனும் போனோம். நண்பன்தான், வேறு ஒன்றுமில்லை. வியூ பாயிண்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வந்தார்கள். "எந்த ஊரு?" என்றார்கள். சொன்னோம். "என்ன ஆளுங்க?" என்றார்கள். நாங்கள் வாயே திறக்கவில்லை. ஒருவன் போனை எடுத்து எங்கள் பைக் நம்பரைப் படம் பிடித்தான். அன்று இறங்கும்போது இருபது வளைவிலும் நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சாதி கேட்ட அந்தக் கேள்விக்கு நாங்கள் ஏன் அவ்வளவு பயந்தோம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2015 ஜூனில் நம் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் படித்தவர், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோவிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர் நின்று பேசிய கோவில் அர்த்தநாரீஸ்வரர் கோவில். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற சாமியின் சன்னதி. அங்கேயே ஓர் ஆணும் பெண்ணும் நின்று பேச முடியவில்லை என்றால் வேறு எங்கே முடியும்?

அம்மா என்னைத் திட்டும்போது குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவரோடு சண்டை போட மனம் வருவதில்லை. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான் பழக்குகிறார்கள். நான் படித்த கல்லூரியில் பையன்களுக்கு ஒரு மாடிப்படி, எங்களுக்கு ஒரு மாடிப்படி. பஸ்ஸில் நாங்கள் முன்பக்கம், அவர்கள் பின்பக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் பக்கத்து வரிசைப் பையனிடம் கால்குலேட்டர் கடன் வாங்கியதற்கு என் அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து, பிரின்சிபால் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். அதன் பிறகு மூன்று வருஷமும் வகுப்பில் ஒரு பையனிடமும் நான் பேசவில்லை.

அப்படி வளர்ந்த ஆண்கள் மட்டும் எப்படி இருப்பார்கள்? டேட்டிங் ஆப்பில் இருபது கிலோமீட்டர் தூரம் வைத்தால் வருவதெல்லாம் பைக் படம், மலைப் படம், நடிகர் படம், முகமே இல்லை. பேச ஆரம்பித்தால் "ஹாய்", "சாப்டீங்களா", மூன்றாவது மெசேஜ் "போட்டோ அனுப்புங்க". எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் 25 வயது வரை ஒரு பெண்ணோடு ஐந்து நிமிடம் இயல்பாகப் பேச விடாமல் வளர்த்துவிட்டு, திடீரென்று அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்றால் எங்கிருந்து தெரியும்? என் தோழி தைரியமாகத் தன் முகத்தோடு ஒரு ப்ரொஃபைல் வைத்தாள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவள் அண்ணனின் நண்பர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அன்று இரவே அழித்தாள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெங்களூருக்கு பஸ் ஏறுகிறாள். ஒரு காபி குடிக்க இருநூறு கிலோமீட்டர்!

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. திருமணமாகாத இரண்டு பேர் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. கோவையில் சீல் வைத்த ஒரு விடுதியின் வழக்கு அது. நான் அறை கேட்கவில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, யாரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்காத ஒரு மணி நேரம், அதைத்தான் கேட்கிறேன்.

காபிக் கடையில் பார்த்தவர் புதன்கிழமை மெசேஜ் அனுப்பினார்: "அடுத்த ஞாயிறு எங்கே பார்க்கலாம்?" அவரோடு இன்னும் பேச வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. இன்று சனிக்கிழமை. மூக்கனேரி என்று டைப் செய்தேன், காலையில் அங்கே நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்று ஞாபகம் வந்தது, அழித்தேன். ஏற்காடு என்று டைப் செய்தேன், அதையும் அழித்தேன். பதில் இன்னும் போகவில்லை.