எதிர்க்காற்றில் பாய்மரப் படகு போகாதா?

"பழைய சின்னப் பாய்மரப் படகுகள் காற்று தள்ளும் பக்கம் மட்டும்தான் போகும்" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. காற்றை நேருக்கு நேர் எதிர்த்து எந்தப் பாய்மரமும் போகாது, அது சரி. ஆனால் பாயைச் சாய்வாக இழுத்துக் கட்டும்போது, வளைந்த பாயின் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபட்டு, விமான இறக்கையில் நடப்பதைப் போலவே ஒரு விசை பிறந்து படகைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது, தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி அந்தப் பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதால் படகு முன்னேறுகிறது. அப்புறம் இடமும் வலமுமாக மாறி மாறி ஓட்டிப் போய்ச் சேரலாம்.

இங்கிலாந்தின் தேம்ஸ் சரக்குப் படகுகளுக்கு அடிப்பகுதி தட்டை. அதனால் இரு பக்கமும் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டு, காற்று அடிக்காத பக்கத்துப் பலகையைத் தண்ணீரில் இறக்கினார்கள். எவ்வளவு அழகான யோசனை! அந்தப் படகை ஓட்ட இரண்டு பேர் போதும்.

அரபிக்கடலைக் கடந்த தௌ கப்பல்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்தது உண்மைதான். அவற்றின் பெரிய முக்கோணப் பாயைப் பக்கம் மாற்றுவது கடும் உழைப்பு, அத்தனை தூரத்துக்கு அதைச் செய்துகொண்டே போவதைவிடக் காற்று திரும்பும்வரை பொறுப்பது மேல் என்று மாலுமிகள் கணக்குப் போட்டார்கள்.