பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லும் பெருமக்களுக்கு

குழந்தை பெற்ற பெண்ணின் மனநலத்தைப் பற்றிப் பேச வருகிறவர், கைபேசித் திரையில் சிரித்தபடி தோன்றும் வாழ்வியல் ஆலோசகராக இருந்தாலும் சரி, மார்ச் 8ஆம் தேதி அலுவலகத்துக்கு அழைத்துவரப்படும் சிறப்பு விருந்தினராக இருந்தாலும் சரி, கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்: உங்களுக்கென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், பிள்ளை விழிப்பதற்கு முன்பே நாலரை மணிக்கு எழுந்து ஒரு கோப்பை தேநீரை நிதானமாகக் குடியுங்கள். ராத்திரி முழுக்க பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்தவளை நாலரைக்கு எழச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வீடும் அவள் பாடு, பிள்ளையும் அவள் பாடு, வேலைக்குப் போவதும் அவள் பாடு என்று ஆக்கிவிட்டு, அத்தனையும் சேர்ந்து அவளை நொறுக்கும்போது நொறுங்கியதை ஒட்டவைத்துக்கொள்வதும் அவள் பாடுதான் என்று சிரித்த முகத்துடன் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகவும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. அந்த 88 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. தட்டைக்கூட எடுத்து வைக்காத புண்ணியவான்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. சரி, கைகள் செய்யும் வேலையையாவது ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்டுவிடலாம். தலை செய்யும் வேலையை எந்தக் கட்டத்தில் குறிப்பது? அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, சளி மருந்துப் புட்டி திறந்து எத்தனை நாளாயிற்று, சீருடைக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா, நகம் வெட்ட வேண்டுமா, சின்னவன் இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லையே, மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிறதே என்று அலுவலகக் கூட்டத்தின் நடுவிலும், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும், உறக்கத்தின் விளிம்பிலும் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பட்டியலுக்கு விடுமுறை கிடையாது.

இந்தப் பட்டியலில் பாதியை எழுதுவது பள்ளிக்கூடம். இரவு ஒன்பதே முக்காலுக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "அன்பான பெற்றோர்களே, நாளை மாறுவேடப் போட்டி. உங்கள் குழந்தையை ஏதேனும் ஒரு காய்கறி வேடத்தில் அனுப்பவும்." பெற்றோர் குழு என்று பெயர்தானே தவிர, கைகூப்பிய பொம்மையைப் போட்டு "சரிங்க மிஸ்" என்று பதில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் அம்மாக்கள். கடைகள் மூடிய நேரத்தில் ஊதா நிறத் துணிக்குப் பழைய துப்பட்டாவைத் தேடி, அட்டையில் காம்பு வெட்டி, பசை காய மின்விசிறிக்கு அடியில் வைத்து, அந்தக் கத்தரிக்காயைச் செய்து முடிக்கிறவளும் அம்மாதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து அழைப்பு வருவதும் அவளுக்குத்தான். சேர்க்கைப் படிவத்தில் தகப்பனின் கைபேசி எண்ணைத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். "சாருக்கு எதுக்குங்க மேடம் தொந்தரவு" என்று அலுவலகத்துப் பெண்மணி அன்போடு சொன்னார். எனக்குத் தொந்தரவு என்பதே இருக்க முடியாது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

இங்கே கணவன்மார் எழுந்து நின்று ஒரு பதில் சொல்வார்கள், அதுவும் ஊருக்கு ஊர் மாறாத பதில்: "சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேன்ல?" செய்வார்கள்தான். எதை, எப்போது, எந்தக் கடையில், எந்த அளவில் என்று சொன்னால், சொன்னதைச் செய்வார்கள். வீடு என்ன, அவர் விருந்தாளியாக வந்து தங்கியிருக்கும் சத்திரமா? தன் பிள்ளைக்குக் கால் நீளமாகிவிட்டது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், எடுத்துச் சொல்கிற அந்த வேலை யாருடையது? இதைக் கேட்டுவிட்டால் "ஏன் எப்பவும் எரிச்சலாவே இருக்கே" என்று அடுத்த கேள்வி வரும். எரிச்சலுக்கும் உடனடி மருந்து தயாராக இருக்கிறது: பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி.

எங்கள் அலுவலகத்தில் தாய்மார்களின் மனநலத்துக்காக ஓர் அமர்வு ஏற்பாடு செய்தார்கள். நேரம் மாலை ஆறு மணி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் எங்கள் பகுதியில் ஆறரைக்கு மூடுகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் தனிக் கட்டணம், அதோடு அந்த ஆயாவின் முகம் போகும் போக்கையும் தாங்க வேண்டும். ஆகவே தாய்மார்களுக்கான அமர்வில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தபடி கதவோரம் உட்கார்ந்திருக்க, மேடையிலிருந்தவர் "கண்களை மூடி ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யுங்கள்" என்றார். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வார விடுப்பை 26 வாரமாக்கியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. விடுப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் இளம் பெண்களை நேர்காணலில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்கள். காப்பகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மனிதவளத் துறை உங்களைத்தான் முறைக்கும். கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்ன பேச்சாளருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு தொட்டிலும் ஒரு பாயும் வாங்கியிருக்கலாம்.

இத்தனைக்கும் நான் மாதச் சம்பளக்காரி. எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை. அங்கன்வாடிக்கு அனுப்பலாம் என்றாலோ பிள்ளைக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். அதுவரை மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டு வருகிறாள். அந்த மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் ஓராண்டாக உயர்த்தியது நல்ல காரியம், வாயாரப் பாராட்டுகிறேன். பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அதே உடம்பு, அதே பிள்ளைவலி என்பதை மட்டும் யாருடைய கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

"நாங்க ஆறு பெத்து வளர்க்கலையா, எங்களுக்கு இந்த டிப்ரஷன் எல்லாம் வந்துச்சா?" என்று கேட்கும் பெரியம்மாக்களை நான் மதிக்கிறேன், ஆனால் அவர்கள் சொல்வதை முழுதாக ஏற்க முடியாது. பிள்ளையைக் குளிப்பாட்ட ஓர் ஆயா, தூளி ஆட்ட ஒரு நாத்தனார், வாசலில் உட்கார்ந்து வேடிக்கை காட்ட ஒரு தாத்தா என்று இருந்த வீட்டையும், கதவைச் சாத்தினால் தாயும் பிள்ளையும் மட்டும் மிஞ்சும் மூன்றாம் மாடி வீட்டையும் ஒன்றாக்க முடியாது. அந்தக் கூட்டு வீடு சொர்க்கமாக இருந்தது என்றும் நான் சொல்லப்போவதில்லை. கொல்லைப்புறத்தில் எத்தனை பேர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அழுதவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இன்றைக்கும் பிள்ளை பெற்றவளை எப்படிக் கவனிக்கிறோம்? பிரசவ லேகியம், உரித்த பூண்டு, சுறாப்புட்டு, மிளகு ரசம். பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி, "பால் போதுமான அளவு இருக்கா?" அவளுக்குள் போகும் ஒவ்வொரு கவளமும் பிள்ளைக்குப் பாலாக வெளியே வர வேண்டும் என்ற கணக்கிலேயே ஊட்டப்படுகிறது. பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, அது தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பின்றி, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், இந்தப் பிள்ளைக்கு நான் லாயக்கில்லை என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால் அது நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதத் தாய்மாரிடம் காணப்படுவதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருத்தி. அந்த ஒருத்தி வாயைத் திறக்க அஞ்சுகிறாள், மனநல மருத்துவரிடம் போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்கிறது. இதை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

திட்டுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. 2024இல் சென்னைப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தவறி விழுந்த கைக்குழந்தை, தகரக் கூரையின் விளிம்பில் தொங்கியதையும் அக்கம்பக்கத்தார் உயிரைப் பணயம் வைத்து அதைக் காப்பாற்றியதையும் நாடே பார்த்தது. காப்பாற்றியவர்களைப் பாராட்டிய கையோடு, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானோர் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சில வாரங்களில் அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வசைகளால் மனமுடைந்து போயிருந்தார் என்று செய்திகள் வந்தன. அதே விரல்கள் அன்றைக்குக் கண்ணீர்ப் பொம்மைகளை அனுப்பின. அந்த நேரத்தில் தகப்பன் எங்கே இருந்தார் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை; ஒரு விபத்துக்குக் கூண்டே தேவையில்லை. தேவையென்று முடிவு செய்த பிறகு அதில் ஏற ஒரே ஒருத்திதான் இருக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எனவே எனக்கு அறிவுரை வேண்டாம், நடைமுறை வேண்டும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தாயும் செவிலியரின் முன்னால் வந்து நிற்கிறாள். பிள்ளையை எடை போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். கடந்த ஏழு நாட்களில் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்கும் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இலேயே உருவாக்கப்பட்டது. அது தமிழிலும் இருக்கிறது, நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆலோசகர்கள் கேட்கும் பத்து நிமிடத்தில் பாதி. அதைத் தடுப்பூசி நாளில் ஒவ்வொரு தாயிடமும் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். எந்நேரமும் கட்டணமின்றிப் பேசக்கூடிய 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்), வாசலில் ஒட்டும் சுவரொட்டியோடு நிறுத்தாமல், தடுப்பூசி அட்டையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். அவள் படிவத்தை நிரப்பும் ஐந்து நிமிடத்துக்கு அழுகிற பிள்ளையை யார் வைத்திருப்பது என்று கேட்பீர்கள். அதே அட்டையில் தகப்பன் பெயர் எழுத ஒரு வரி இருக்கிறது. அடுத்த முறை அவரையும் வரச் சொல்லுங்கள்.